ஸ்பிட்ஃபையருக்குப் பிரஷ்ஷால் பெயின்ட் அடிப்பது எப்படி?

காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ் இல்லாமல் பிளாஸ்டிக் மாடல் கிட்டை அழகாக முடிக்க முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. நம்ப வேண்டாம். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஸ்பிட்ஃபையர் என்ற இரண்டாம் உலகப் போர் விமானத்துக்குப் போட்ட முதல் கிட் 1953-ல் வந்தது. அதை வாங்கிய பிரிட்டிஷ் பையன்களிடம் இருந்தது பசையும் எனாமல் டப்பாவும் ஒரு பிரஷ்ஷும்தான். இன்று நமக்குக் கிடைக்கும் அக்ரிலிக் பெயின்டுகளில் அந்த எனாமல் நெடி கிடையாது, பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவிவிடலாம், அரை மணியில் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காய்ந்துவிடும். ஆனால் சீக்கிரம் காய்கிறதே, அதுதான் பிரஷ் பிடிப்பவருக்குத் தொல்லையும். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் பெயின்டின் மீது மறுபடி பிரஷ்ஷை வைத்தால் அது உரிந்து, சுருண்டு, வரிவரியாக நின்றுவிடும். புதியவர்களின் மாடல் கெடுவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.

உதாரணத்துக்கு 1/72 அளவிலான (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபையர் மார்க் 1ஏ கிட்டையே எடுத்துக்கொள்வோம். விலை குறைவு, எளிதில் கிடைக்கும், இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 15 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். 1940 கோடையில் பிரிட்டன் வான்போரில் பறந்தபோது இந்த விமானத்தின் மேற்பக்கம் டார்க் எர்த் என்ற பழுப்பும் டார்க் கிரீன் என்ற கரும்பச்சையும் வளைந்து வளைந்து இருந்தன. அடிப்பக்கம் ஸ்கை என்ற வெளிர்பச்சை. அகலமான பரப்பு, வளைந்த எல்லை, மூடுவதற்குச் சண்டித்தனம் செய்யும் ஒரு வெளிர் நிறம் என்று பழகவேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. நீங்கள் செய்வது டேங்க்கோ காரோ கன்டம் (Gundam) ரோபோவோ, எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்.

எந்தப் பெயின்ட், எந்தப் பிரஷ்

டப்பாவில் அக்ரிலிக் என்று எழுதியிருப்பதால் எல்லாம் ஒரே சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மாடல் பெயின்டில் அக்ரிலிக் என்பது இரண்டு வகை. ஒன்று, ஸ்பெயின் நாட்டின் வலேஹோ போல உண்மையிலேயே தண்ணீரில் கரையும் வகை. இன்னொன்று, ஜப்பானின் டமியா போல ஆல்கஹால் கலந்த வகை. மூடியைத் திறந்தாலே வித்தியாசம் மூக்குக்குத் தெரியும்.

டமியா அக்ரிலிக் ஏர்பிரஷ்ஷில் அருமையாக ஓடும். பிரஷ்ஷில் அது முரட்டுப் பெயின்ட். இரண்டாவது கோட்டில் (பூச்சில்) இருக்கும் ஆல்கஹால் கீழே காய்ந்த முதல் கோட்டைக் கரைத்துக் கிளப்பிவிடும். அதை வைத்தும் பிரஷ் வேலை செய்யலாம். காய்வதைத் தாமதப்படுத்த அந்த நிறுவனமே விற்கும் ரிடார்டரை ஒரு சொட்டு சேர்த்து, எக்ஸ்-20ஏ தின்னரில் நீர்க்கச் செய்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரே இழுப்பு இழுத்துவிட்டு, அடுத்த கோட்டுக்கு மறுநாள்வரை காத்திருக்கவேண்டும். முதல் கிட்டிலேயே இந்தச் சோதனை தேவையா? என்னைக் கேட்டால் வேண்டாம். வலேஹோவின் மாடல் கலர் வரிசையையோ அதைப் போன்ற தண்ணீர் வகையையோ வாங்குங்கள். அதே நிறுவனத்தின் மாடல் ஏர் வரிசை ஏர்பிரஷ்ஷுக்காக நீர்த்து வருவது; பிரஷ்ஷால் அடிக்கலாம், ஆனால் கோட் எண்ணிக்கை கூடும். பெயின்டும் பிரஷ்ஷும் பசையும் சேர்ந்து வரும் ஏர்ஃபிக்ஸ் தொடக்க செட்டில் இருப்பவை சின்ன டப்பாவில் ஹம்ப்ரோல் அக்ரிலிக். அதை வைத்தும் தாராளமாகத் தொடங்கலாம். கூட வரும் பிரஷ்ஷை மட்டும் பசை தடவவோ பெயின்டைக் கலக்கவோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஓவியர்களுக்கான டியூப் அக்ரிலிக் ஏன் கூடாது என்று பலர் கேட்பதுண்டு. அது கேன்வாஸில் பிரஷ் தடம் தெரியவேண்டும் என்றே கெட்டியாகச் செய்யப்படுவது. நமக்கோ தடம் தெரியவே கூடாது. 1/72 இறக்கையில் மயிரிழைக் கனமுள்ள பேனல் கோடுகளை (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோடுகளை) அது அடைத்துவிடும்.

பிரஷ் விஷயத்தில் புதியவர்கள் எல்லாரும் மூன்று சைபர் போட்ட மெல்லிசு பிரஷ்ஷைத்தான் முதலில் வாங்குகிறார்கள். மாடல் சின்னது, அதனால் பிரஷ்ஷும் சின்னது என்ற கணக்கு. அது தப்புக் கணக்கு. அந்த நுனியில் நிற்கும் பெயின்ட் மாடலைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். இறக்கைக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் அகலமுள்ள, மென்மையான சிந்தெடிக் பட்டை பிரஷ் ஒன்று வேண்டும். ஓரங்களுக்கும் சின்னப் பாகங்களுக்கும் நுனி நன்றாகக் கூடும் 2-ஆம் எண் உருண்டை பிரஷ் ஒன்று. விமானியின் முகம், கருவிப் பலகை இவற்றுக்கு வேண்டுமானால் 0 ஒன்று. மூன்று போதும். பணத்தை மிச்சம் பிடிக்கவேண்டிய இடம் இது இல்லை; மலிவான பிரஷ்ஷிலிருந்து உதிரும் ஒரு முடி ஈரப் பெயின்டில் படுத்துக்கொண்டால் அந்த இறக்கையை மறுபடி தேய்க்கவேண்டியதுதான்.

இவற்றோடு 600, 1000, 2000 எண் உப்புத்தாள் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வகை), பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்க மாடலுக்கான மாஸ்கிங் டேப், ஒரு பீங்கான் தட்டு, டிஷ்யூ, கழுவுவதற்கு ஒன்றும் நீர்க்கச் செய்வதற்கு ஒன்றுமாக இரண்டு கிண்ணம் தண்ணீர். கலப்பதற்கு உப்புத் தண்ணீர் வேண்டாம், குடிக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதும் கழுவுவதும்

கிட்டின் பாகங்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்க்கும்போது பாகம் அச்சோடு ஒட்டாமல் இருக்க ஓர் எண்ணெய்ப் பசை பூசுவதுண்டு. அதோடு நம் விரல் எண்ணெயும் சேரும். எண்ணெயின் மேல் அக்ரிலிக் நிற்காது; துளித்துளியாக விலகி ஓடும். அதனால் பாகங்களைத் தாங்கி வரும் சட்டத்திலிருந்து வெட்டும் முன்பே, பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷால் மென்மையாகத் தேய்த்து அலசிக் காயவிடுங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடவே கூடாது, மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

எதை ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடிப்பது, எதைத் தனியாக அடிப்பது? பிரஷ் போகாத இடத்தை முதலில் அடித்துவிடவேண்டும், அதுதான் விதி. ஸ்பிட்ஃபையரில் அது விமானி அறை. அதன் உட்புறத்துக்கு காக்பிட் கிரீன் என்ற சாம்பல் கலந்த பச்சை. ஹம்ப்ரோல் பெயின்டில் அதன் எண் 78. அதை அடித்துக் காய்ந்தபின் உடலின் இரு பாதிகளையும் மூடி ஒட்டுங்கள். இறக்கை, வால் எல்லாம் ஒட்டலாம். சக்கரம், அதன் கால்கள், புரொபெல்லர் இவற்றைத் தனியாக வையுங்கள். கண்ணாடிக் கூண்டை ஒட்டி, அதன் கண்ணாடிப் பகுதிகளின் மேல் டேப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஒட்டிவிடுங்கள். கூண்டின் சட்டங்களுக்கு முதலில் காக்பிட் கிரீனை ஒரு கோட் அடித்துவிட்டால், பிறகு மேலே பழுப்போ பச்சையோ வந்தாலும் உள்பக்கமிருந்து பார்க்கும்போது சரியான நிறம் தெரியும்.

ஒட்டிய மூட்டுகள் நன்றாகக் காய்ந்தபின் பிசிறையும் மூட்டுக் கோட்டையும் உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். இடைவெளி இருந்தால் மாடல் புட்டி வைத்துத் தேய்க்கவேண்டும். இந்த வேலை சலிப்பானதுதான். ஆனால் பெயின்ட் எதையும் மறைக்காது, இருக்கிற கீறலை எடுத்துத்தான் காட்டும்.

பிரைமர்

தண்ணீர் வகை அக்ரிலிக் வெறும் பிளாஸ்டிக்கில் பிடிப்பு இல்லாமல் மேலாக உட்கார்ந்திருக்கும். நகம் பட்டால் சுரண்டிக்கொண்டு வரும். மாஸ்கிங் டேப்பை எடுத்தால் தகடாகக் கூடவே வரும். பிளாஸ்டிக்கையும் பிடித்துக்கொண்டு, மேலே வரும் பெயின்டுக்கும் பிடி கொடுக்கும் இடைப் பூச்சுதான் பிரைமர். வேறு பலனும் உண்டு. புட்டி வைத்த இடம் வெள்ளை, பிளாஸ்டிக் வெளிர்நீலம், தேய்த்த இடம் மங்கல் என்று இருக்கும் மாடல் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். இல்லையென்றால் மூன்று கோட் அடித்தாலும் கீழே இருக்கும் வித்தியாசம் திட்டுத்திட்டாக மேலே தெரியும்.

ஸ்ப்ரே கேனில் வரும் லாக்கர் பிரைமர்கள் பிடிப்பில் முதல் இடம். டமியாவின் சர்ஃபேஸ் பிரைமர், மிஸ்டர் சர்ஃபேசர் இவை இந்த வகை. இவற்றின் கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேல்தோலை மெல்ல இளக்கிக் கடித்துக்கொள்ளும். மிஸ்டர் சர்ஃபேசரில் 500, 1000, 1200, 1500 என்று எண்கள் உண்டு. உப்புத்தாள் போலவே எண் கூடக்கூட நயம் கூடும். 1/72 விமானத்துக்கு 1000-க்குக் கீழே போகவேண்டாம். கேனை ஒன்றிரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மாடலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி மாடலைக் கடந்து வெளியே போய் விரலை எடுங்கள். முதல் சுற்று பிளாஸ்டிக் பாதி தெரியும்படி தூவலாகவே இருக்கட்டும். பத்து நிமிடம் கழித்து இன்னொரு சுற்று. மூடிய அறையில் இதை அடிக்கவே கூடாது. மொட்டை மாடியோ பால்கனியோ, முகமூடியோடு.

மழைநாளில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து, வெள்ளையாகப் பூத்துவிடும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் இது சர்வசாதாரணம். உச்சி வெயிலும் சரிப்படாது. தூவல் மாடலை அடையும் முன்பே காற்றில் காய்ந்து மணல்மணலாக விழும். காலை ஒன்பது, பத்து மணி வாக்கில், காற்று அடங்கியிருக்கும்போது அடிப்பது நல்லது.

ஹார்டுவேர் கடையில் கதவு, வண்டிக்கு விற்கும் ஸ்ப்ரே பிரைமரை இதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாமா? அதன் கரைப்பான் எவ்வளவு காட்டமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மரப் பலகைக்கும் இரும்புக்கும் ஒன்றும் ஆகாது, பாலிஸ்டைரீன் இளகி நுணுக்கங்கள் வழிந்துவிடலாம். கட்டாயம் முயன்று பார்க்கவேண்டும் என்றால் மிச்சமிருக்கும் சட்டத் துண்டில் அடித்துப் பாருங்கள். அந்தக் கடைகளில் கிடைக்கும் என்.சி. தின்னரையோ நெயில் பாலிஷ் ரிமூவரையோ மட்டும் மாடல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இரண்டுமே பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

பலருக்கு ஸ்ப்ரே கேன் கைக்கு வருவதே சிரமம். தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் விமான அஞ்சலில் அனுப்ப முடியாது. உள்ளூர்க் கடையில் இருந்தால் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கும், அடுக்குமாடி வீட்டில் நெடியைக் கிளப்ப விரும்பாதவர்களுக்கும் பாட்டிலில் வரும் தண்ணீர் வகை பிரைமர் இருக்கிறது. வலேஹோவின் சர்ஃபேஸ் பிரைமர் அக்ரிலிக்கும் பாலியூரித்தேனும் சேர்ந்தது. நெடி கிடையாது, பிரஷ்ஷாலேயே பூசலாம்.

பிரஷ்ஷால் பிரைமர் பூசும் முறை இது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கச் சிறிது நேரம் விடுங்கள். தட்டில் சில சொட்டு எடுங்கள். தண்ணீர் சேர்க்கவேண்டாம், சேர்த்தால் பிளாஸ்டிக்கில் பிடிக்காமல் பிரிந்து நிற்கும். பட்டை பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு, நுனியில் மட்டும் பிரைமரைத் தொட்டு, மெல்லியதாக இழுத்துவிடுங்கள். பேனல் கோடுகளில் தேங்கினால் உடனே வெறும் பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். முதல் கோட் அரைகுறையாக, பிளாஸ்டிக் நிறம் தெரிந்துகொண்டுதான் இருக்கும். இருக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது கோட். அப்புறம் மாடலை ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி, ஒரு முழு நாள் விடுங்கள். இந்த வகை பிரைமர் தொட்டால் காய்ந்ததாகத் தெரியும், ஆனால் இறுகியிருக்காது. அவசரப்பட்டு உப்புத்தாள் வைத்தால் பொடியாக வராமல் தோலாக உரியும்.

நிறம் எது? ஸ்பிட்ஃபையருக்குச் சாம்பல். பொதுவாகவே சந்தேகம் இருந்தால் சாம்பல்தான். மஞ்சள், சிவப்பு கார் என்றால் வெள்ளை. வெறும் உலோக நிறத்தில் நிற்கும் விமானத்துக்குக் கறுப்பு.

காய்ந்ததும் மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திவைத்து, மாடலை அதன் கீழ் மெல்லத் திருப்பிப் பாருங்கள். உடலின் முதுகுக் கோடு, இறக்கை உடலோடு சேரும் இடம், அடிவயிற்றில் இறக்கைத் துண்டு முடியும் இடம் ஆகிய மூன்றிலும் ஏதாவது கண்ணில் படும். அங்கே புட்டி வைத்து, தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர் பூசுங்கள்.

நிறம் அடிப்பது

வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போங்கள். ஸ்கை, அப்புறம் டார்க் எர்த், கடைசியில் டார்க் கிரீன். பழுப்பின் மேல் பச்சை இரண்டு மூன்று கோட்டில் மூடிவிடும். ஸ்கைக்கு மூன்று நான்கு ஆகும். வெள்ளை, மஞ்சள் என்றால் இன்னும் கூடும். மஞ்சளுக்கு அடியில் ஒரு கோட் வெள்ளை கொடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். ஹம்ப்ரோல் எண்கள் வேண்டுமென்றால் டார்க் எர்த் 29, டார்க் கிரீன் 30, ஸ்கைக்கு 90. டமியாவில் பழுப்புக்கு எக்ஸ்எஃப்-52, பச்சைக்கு எக்ஸ்எஃப்-81, ஸ்கைக்கு எக்ஸ்எஃப்-21.

ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கும்தான். ஆனால் ஓடும் ஃபேனுக்குக் கீழே அக்ரிலிக் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும், பறக்கும் தூசியும் ஈரத்தில் ஒட்டும். பெயின்ட் தட்டில் காயாமல் இருக்க ஈரத் தட்டு ஒன்று செய்துகொள்ளலாம்: ஆழமில்லாத டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன் மேல் கேக் சுடப் பயன்படுத்தும் பார்ச்மென்ட் தாள், தாளின் மேல் பெயின்ட். கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வகைப் பெயின்டுக்கு மட்டும்தான் இது. டமியாவுக்குப் பீங்கான் தட்டே போதும்.

மூன்று சொட்டுப் பெயின்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் என்று தொடங்குங்கள். பதம் தண்ணீர் கலந்த பாலின் பதம்: தட்டைச் சாய்த்தால் வழுக்கிக்கொண்டு இறங்கி, பின்னால் மெல்லிய படலத்தை விட்டுச் செல்லவேண்டும். படலமே இல்லாமல் நிறத் தண்ணீராக ஓடினால் கூடிப்போய்விட்டது, ஒரு சொட்டுப் பெயின்ட் சேருங்கள். அசையாமல் நின்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். கோடைக் காலத்தில் அக்ரிலிக் ரிடார்டர் ஒரு சின்னச் சொட்டு சேர்ப்பது கைகொடுக்கும். ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு மாதிரி என்பதால், ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனுக்கும் பிரைமர் பூசி அருகில் வைத்துக்கொண்டு அதில் முதலில் இழுத்துப் பாருங்கள்.

இப்போது இடது இறக்கையின் அடிப்பக்கம். பட்டை பிரஷ்ஷின் முடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பெயின்டில் தோய்த்து, இரண்டு பக்கமும் டிஷ்யூவில் லேசாக ஒற்றுங்கள். சொட்டும் அளவு இருந்தால் ஓரத்தில் குளமாகும். இறக்கை நுனியிலிருந்து உடலை நோக்கி ஒரே நீள இழுப்பு. பிரஷ்ஷைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, எடையே கொடுக்காமல். அடுத்த இழுப்பு அதற்குப் பக்கத்தில், முந்தைய இழுப்பின் ஈர விளிம்பின் மேல் கொஞ்சம் ஏறியபடி. இப்படியே அடுத்தடுத்து. பாதி வழியில் பிரஷ் வறண்டால் அங்கேயே தேய்த்துக்கொண்டிருக்காமல் எடுத்துவிட்டு, மறுபடி தோய்த்து, இன்னும் பெயின்ட் படாத இடத்திலிருந்து ஈரத்தை நோக்கி வாருங்கள். ஒரு பேனல் கோட்டில் நிறுத்தினால் அடுத்த தடவை சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாது.

ஓர் இறக்கைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. பார்த்தால் நன்றாகவே இருக்காது. சாம்பல் தெரியும், வரி தெரியும், சில இடம் விட்டுப்போயிருக்கும். விட்டுப்போன இடத்தைத் தொட்டுவிடலாம் என்று கை துடிக்கும். தொடாதீர்கள். அந்த இடம் இரண்டாவது கோட்டில் தானாக நிரம்பும். இப்போது தொட்டால் சுற்றியிருக்கும் பாதி காய்ந்த படலம் கிழிந்து குழி விழும். அந்தக் குழியை எத்தனை கோட் போட்டாலும் நிரப்ப முடியாது. மாடலைக் கீழே வைத்துவிட்டு வலது இறக்கையையோ வாலையோ பாருங்கள், இல்லையென்றால் எழுந்து காபி போடுங்கள்.

காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்கவேண்டாம். விளக்கில் சாய்த்தால் பளபளப்பு எங்கும் இல்லாமல் ஒரே மங்கலாகத் தெரியவேண்டும். அப்படித் தெரிந்தபின் இன்னும் பத்து நிமிடம். சாதாரண நாளில் மொத்தம் அரை மணி. மழைக்காலத்தில் ஒரு மணிக்கு மேல் போகலாம்.

இரண்டாவது கோட்டை முதலாவதற்குக் குறுக்காக இழுங்கள், அதாவது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்கு. மூன்றாவது கோட் மறுபடி நீளவாக்கில். கடைசிக் கோட் எத்தனையாவதாக இருந்தாலும் அது முன்னிருந்து பின்னாகவே இருக்கட்டும். நிஜ விமானத்தில் காற்று ஓடும் திசை அது. புகையும் அழுக்கும் அப்படித்தான் இழுபடும். மெல்லிய தடம் ஒன்றிரண்டு மிஞ்சினாலும் கண் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாது. டேங்க், லாரி என்றால் மேலிருந்து கீழ், மழைநீர் வழியும் திசை.

பழுப்பும் இப்படியே. மேற்பக்கம் முழுவதையும் பழுப்பாக்கிவிடுங்கள், பச்சை வரும் இடத்தையும் சேர்த்து. பழுப்பு முடிந்தபின் ஒரு நாள் விடுங்கள்.

பச்சைத் திட்டுகளின் வடிவம் கிட்டின் குறிப்புத்தாளில் இருக்கும். அதை மாடலின் அளவுக்கே ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, பேனல் கோடுகளை அடையாளமாக வைத்து, மெல்லிய பென்சிலால் எல்லையை வரையுங்கள். கோடு பச்சைப் பக்கம் விழட்டும், பெயின்ட் மூடிவிடும். 2-ஆம் எண் உருண்டை பிரஷ்ஷால் எல்லைக் கோட்டை முதலில் பச்சையில் வரைந்துவிட்டு, காய்வதற்குள் பட்டை பிரஷ்ஷால் உள்ளே நிரப்புங்கள். இந்த அளவில் கையால் வரைந்த எல்லையே போதும். டேப் ஒட்டி மாஸ்க் செய்வதைவிட இது வேகம், பெயின்ட் உரியும் பயமும் இல்லை. எல்லை எங்காவது கோணினால் காய்ந்தபின் பழுப்பை எடுத்து அந்தப் பக்கமிருந்து திருத்திக்கொள்ளலாம்.

டேப் தேவைப்படுவது பழுப்பும் ஸ்கையும் சந்திக்கும் நேர்க்கோட்டுக்கு. பெயின்ட் அடித்து ஒரு நாளாவது ஆகியிருக்கவேண்டும். டேப்பை முதலில் உள்ளங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்தால் அதன் பசை கொஞ்சம் குறையும். மாடலில் ஒட்டி, விளிம்பை நகத்தால் அழுத்துங்கள். அடுத்து, டேப்புக்கு அடியில் இருக்கும் அதே ஸ்கை நிறத்தை விளிம்பின் மேல் ஒரு முறை பூசிவிடுங்கள். கசியவேண்டியது இந்த நிறமாகக் கசிந்து சந்துகளை அடைத்துவிடும். மேலே வரும் பழுப்புக்கு நுழைய வழி இருக்காது. கடைசிக் கோட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், முழுக்க இறுகும்வரை காத்திராமல், டேப்பைப் பின்பக்கமாக மடித்துத் தாழ்வாக இழுத்து எடுங்கள்.

புரொபெல்லருக்கும் இதே வித்தைதான். நுனியில் வெள்ளை, அதன்மேல் மஞ்சள், டேப், பிறகு மொத்தமும் கறுப்பு. நிஜத்தில் அந்த மஞ்சள் பட்டை 4 அங்குலம். 1/72-ல் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. பலர் இதைப் பெரிதாகப் போட்டுப் பொம்மை ஆக்கிவிடுகிறார்கள். டயருக்குத் தனிக் கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல் போடுங்கள்.

கெட்டுப்போனால்

வரிவரியாக மேடு நின்றுவிட்டதா? ஒரு நாள் காயவிட்டு, 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, வட்டமாகத் தேய்க்காமல் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, இன்னும் நீர்த்த ஒரு கோட் கொடுங்கள். கிழிந்த குழிக்கும் இதே வைத்தியம். முடியோ தூசியோ ஈரத்தில் விழுந்தால், ஊசி நுனியால் எடுக்க ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. வரவில்லை என்றால் காய்ந்தபின் தேய்க்கலாம். பெயின்ட் துளித்துளியாக விலகினால் அங்கே விரல் எண்ணெய் இருக்கிறது: துடைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் அந்த இடத்தைச் சுத்தம் செய்து மறுபடி அடியுங்கள். எல்லாமே போய்விட்டது, முதலிலிருந்து தொடங்கலாம் என்றால் மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் கழன்று வரும், பிளாஸ்டிக்குக்குச் சேதம் இல்லை.

வேலையின் நடுவிலும் பிரஷ்ஷை அடிக்கடி தண்ணீரில் அலசுங்கள். முடியும் உலோகக் குழலும் சேரும் இடத்தில் பெயின்ட் காய்ந்தால் நுனி விரிந்து பிரஷ்ஷின் ஆயுள் முடிந்தது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, நுனியை விரலால் கூட்டி, படுக்கவைத்து உலர்த்துங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் தலைகீழாக ஊறவிடாதீர்கள்.

வார்னிஷும் டிகாலும்

மேட் (பளபளப்பில்லாத) பெயின்டின் பரப்பு நுணுக்கமான சொரசொரப்புடையது. அதன் மேல் நேராக டிகாலை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களை, ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, வட்டச் சின்னத்தைச் சுற்றி வெள்ளி மினுக்கு தெரியும். ஆகவே பெயின்ட் ஒரு நாள் காய்ந்தபின், டிகால் வரும் இடங்களிலாவது கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் இரண்டு மெல்லிய கோட் கொடுங்கள். பெயின்டுக்குச் சொன்ன அதே இழுப்பு, அதே பொறுமை. அது காய்ந்ததும் டிகால். டிகால் ஒட்டி ஒரு நாள் கழித்து மொத்தத்துக்கும் மேட் வார்னிஷ். மேட் வார்னிஷை அடிக்கும் முன் பாட்டிலை நன்றாகக் கலக்குவது முக்கியம். பளபளப்பைக் கொல்லும் பொடி அடியில் தங்கிவிடும். கலக்காவிட்டால் பளபளவென்று வரும், கெட்டியாக அடித்தால் பச்சையின் மேல் வெள்ளைப் பனி படிந்ததாகத் தெரியும். பேனல் கோடுகளில் தேங்க விடாதீர்கள்.

வார்னிஷ் காய்ந்தபின் கண்ணாடிக் கூண்டின் டேப் துண்டுகளைப் பல்குச்சியின் நுனியால் கிளப்பி எடுங்கள். கத்தியால் கிளப்பினால் கண்ணாடியில் கீறல் விழும். தனியாக வைத்திருந்த சக்கரக் கால்களையும் புரொபெல்லரையும் ஒட்டும் முன், ஒட்டவேண்டிய இடத்தில் இருக்கும் பெயின்டையும் பிரைமரையும் சுரண்டிவிடுங்கள். மாடல் சிமென்ட் பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்கோடு உருக்கிச் சேர்ப்பது, பெயின்டின் மேல் தடவினால் கால் பிடிக்காது.